கடைசிச் சுற்று மதியம் ஒரு மணிக்கு

நாட்டின் தெற்குக் கோடியிலுள்ள கப்பானிலிருந்து ஒன்பது மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர்கள் சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண் கொடுக்க வேண்டியவர் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

சமையலறையில் நின்ற சதெனிக்குக்குக் கதவிலேயே தலையை மோதிக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த ஒரு நாளைப் பிடிக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. முதல் தடவை அப்பா கரெகின், "ஈஸ்டர் முடியட்டும்" என்றார். அடுத்த தடவை இருமல். அதற்கும் அடுத்த தடவை, தங்கை மனுஷாக் நாட்டுப் பெண்கள் அணியில் சேர்ந்து செஸ் ஒலிம்பியாடுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "அவ போயிட்டு வரட்டும், வீட்ல ஒரே நேரத்துல ரெண்டு கலவரம் வேணாம்."

போன வாரம் சதெனிக் கல்லறுக்கும் பட்டறையிலிருந்து வந்தவள், முகத்துத் தூசியைக்கூடக் கழுவாமல் சொல்லிவிட்டாள்: "ஞாயித்துக்கிழமை ரஸ்மிக் வீட்ல இருந்து வராங்க. என்னைத் தர்றேன்னு நீ வார்த்தை கொடுக்கிற. அவ்வளவுதான்."

முப்பத்து நான்கு வயதுப் பெண் இதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. அம்மா இருந்தால் சொல்லியிருப்பாள். அம்மா போய் ஐந்து வருடம்.

கரெகினும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். "மனுஷோட கடைசிச் சுற்று சாயங்காலம் அஞ்சுக்குத்தானே தொடங்கும். மூணு மணிக்கு வரச் சொல்லு. அஞ்சுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

கடைசிச் சுற்று மட்டும் நான்கு மணி நேரம் முன்னாலேயே தொடங்கிவிடும். பரிசளிப்பு இருக்கிறது, விமானம் இருக்கிறது. இந்த ஆர்த்திக் ஊரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நாற்பது வருடமாக ஒலிம்பியாட் பார்க்கும் மனுஷனுக்கு மறந்துபோய்விட்டதாம். அவளுக்கும் மறந்துபோனதுதான் இன்னும் எரிச்சல்.

மதியம் ஒரு மணிக்கு, "ஆரம்பிச்சிட்டாங்கடி!" என்று அவர் கத்தியபோதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் கப்பான்காரர்கள் தலைநகர் யெரெவானைத் தாண்டியிருந்தார்கள்.

மூன்று மணிக்கு வந்தார்கள். மூன்று பேர். ரஸ்மிக், அவன் அம்மா சிரானுஷ், பெரியப்பா ஹாமோ.

ரஸ்மிக்குக்கு நாற்பத்தொன்று. செம்புச் சுரங்கத்தில் துளை போடுபவன். இடது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. சுரங்க அலுவலகச் சுவருக்குக் கல் எடுக்க வந்தவன், கல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு அறுக்கிறவளைப் பார்த்தான். அதிகம் பேசமாட்டான். இன்று கழுத்துப் பட்டன் வேறு இறுக்கியது, சுத்தமாகப் பேச்சு நின்றுவிட்டது.

பேசவேண்டியவர் ஹாமோ. வார்த்தை கேட்கவென்றே பழுப்புக் கோட்டு போட்டு வந்திருந்தார். சதெனிக் முதல் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. வார்த்தை கிடைக்கும்வரை மாப்பிள்ளை வீட்டார் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

ஹாமோ தொண்டையைச் செருமி, பெண் கேட்கும் சம்பிரதாய வாசகத்தைத் தொடங்கினார். "கரெகின், உங்க வீட்டு அடுப்புல இருந்து ஒரு பிடி சாம்பல் கேட்டு வந்திருக்கோம்..."

"ஒரு நிமிஷம் ஹாமோ, யானை நகருது."

"எந்த யானை?"

அவ்வளவுதான். எழுந்து போன ஹாமோ திரும்பவில்லை.

சிரானுஷ் சோபாவிலிருந்தே சொன்னாள்: "கட்டினவளை எவனாவது இழுத்துட்டுப் போயிருந்தாக்கூட இவ்வளவு வேகமா எழுந்திருக்க மாட்டார்."

ஆட்டம் சின்ன விஷயம் இல்லைதான். பதக்கம் எப்போதோ அணியின் கையை விட்டுப் போயிருந்தது. ஆனால் மூன்றாம் பலகையில் ஆடிய மனுஷாக் தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்று, மூன்று சுற்று வெளியே உட்கார வைக்கப்பட்டிருந்தாள். கடைசிச் சுற்றுக்குத்தான் அணித்தலைவர் மறுபடி இறக்கியிருந்தார். இதிலும் தோற்றால் அடுத்த வருடப் பட்டியலில் பெயர் இருக்காது. அக்காவைப் பெண் கேட்டு இன்று ஆட்கள் வருகிறார்கள் என்பதைக்கூட அவளிடம் சொல்லவில்லை. மனசு கலையும் என்று அப்பா தடுத்துவிட்டார்.

இதெல்லாம் சதெனிக்குக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொண்டே இருப்பதுதான் அலுத்துவிட்டது.

"அந்தப் பக்கத்துல என்ன பிளாஸ்டர்?" என்றார் ஹாமோ. திரையின் இடது ஓரத்தில் காயத்துக்கு ஒட்டும் துணி பிளாஸ்டர் மேலிருந்து கீழ்வரை ஒட்டியிருந்தது.

"யாரு கை ஓங்கியிருக்குன்னு எந்திரம் காட்டுற கோடு அது. நான் பார்க்க மாட்டேன்."

"எடுங்க, ஒரு தடவை பார்த்துக்கலாம்."

"எந்திரம் சொல்றதைத்தான் பார்க்கணும்னா குளியலறையில துணி துவைக்கிற மெஷின் இருக்கு. அது முன்னாடி போய் உட்காருங்க."

ஹாமோவுக்குக் கோபம் வரவில்லை. பிடித்துப்போய்விட்டது. அலமாரியிலிருந்து மரப் பலகையைத் தானே எடுத்து, ஜன்னலோரச் சின்ன மேசையில் காய்களை அடுக்கினார். "எனக்கு விரல்ல பிடிச்சாத்தான் ஓடும். நீங்க நகர்த்தலைச் சொல்லுங்க, நான் இங்க வச்சுப் பார்க்கிறேன்."

இப்படியாகப் பெண் கொடுப்பவர் திரையோடும், பெண் கேட்பவர் பலகையோடும் முதுகுக்கு முதுகு உட்கார்ந்துவிட்டார்கள்.

"எல்லாரும் போனை அணைச்சிடுங்க" என்றார் கரெகின். "நெட்டு பங்கு போயிடும். படம் நின்னுடும்."

அணைத்தார்கள். சதெனிக்கும் அணைத்தாள். வேறென்ன செய்வது.

மூன்றே முக்காலுக்கு முதல் காபியை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு இரண்டாவது காபி வைத்தாள். கூடவே, காலையில் சுட்ட இனிப்பு ரொட்டி, உலர்ந்த ஆப்ரிகாட். ரஸ்மிக்கின் கண் ரொட்டிமேல் விழுந்து திரும்பியது. விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பியவன்.

"பசிக்குதா?" என்றாள், மெதுவாக.

"இல்ல."

"பொய்."

"பொய்தான்" என்றான். அன்று அவன் பேசிய முதல் முழுப்பேச்சு அது.

நான்கு மணிக்கு, பலகையில் யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சியிருந்தன. மனுஷாக் வெள்ளை. ஒரு சிப்பாய் கூடுதல்.

"இது ஜெயிக்கும்" என்றார் ஹாமோ.

"வாயை வைக்காதீங்க."

"யானை ஆட்டம், ஒரு சிப்பாய் கூட. சமமாயிடவும் செய்யும்."

"அதுக்கும் வாயை வைக்காதீங்க."

சிரானுஷ் காலை மாற்றிப் போட்டாள். "எங்க சுரங்கத்துலகூட ஷிப்டு முடிஞ்சா சங்கு ஊதுவாங்க. இங்க எப்ப ஊதுவீங்க, கரெகின்?"

"இப்போ முடிஞ்சிடும், சிரானுஷ். இதோ."

நான்கு பத்துக்கு அவர் எழுந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "காத்து வாங்கிட்டு வரேன்" என்று பால்கனிக்குப் போனார். முப்பது வருடம் குவாரியில் கல் வெட்டிய நுரையீரல், அறையில் நான்கு பேர் இருந்தாலே திணறும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நகர்ந்துதா?" என்றார் ஹாமோ, மரப் பலகையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"இல்ல. யோசிக்கிறா."

"யோசிக்கட்டும். நல்ல இடம். நானா இருந்தாலும் யோசிப்பேன்."

"நீங்களா இருந்தா தூங்கியிருப்பீங்க" என்றாள் சிரானுஷ்.

சதெனிக் மூன்றாவது காபி போட்டாள். கோப்பைகளைக் கொண்டுபோகும்போது திரையைப் பார்த்தாள். ஏழாவது வரிசையில் வெள்ளை யானை. கீழே வெள்ளையின் கடிகாரம்: பன்னிரண்டு நிமிடம், ஏழு விநாடி.

சிரானுஷ் கைக்குட்டையால் விசிறிக்கொண்டாள். "உங்க அப்பாவுக்கு என் பையனைப் பிடிக்கலன்னா வாயைத் திறந்து சொல்லட்டும், சதெனிக். நாங்க சாம்பல் கேட்டு வந்தவங்க, பிச்சை கேட்டு வரல."

"அத்தை, பிடிக்காம இல்ல..."

"பின்ன?"

பின்ன என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பாவுக்கு ரஸ்மிக்கைப் பிடிக்கும். ரஸ்மிக் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொன்ன அன்றே பிடித்துவிட்டது. அப்படியிருந்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. இப்போது சொந்த மகளின் ஆட்டமே சாக்கு.

"நகர்ந்துதா?"

"இல்ல."

"என்னதான் யோசிக்கிறா?"

"அவ தலை, அவ யோசிப்பா."

நான்கே முக்காலுக்கு மூன்றாவது காபியையும் அள்ளிக்கொண்டு வந்தாள். தட்டு கையில் இருக்க, கண் தானாகத் திரையில் போய் நின்றது.

பன்னிரண்டு நிமிடம், ஏழு விநாடி.

சதெனிக் பட்டறையில் அறுக்கும் வாள் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று நாள் முழுக்க கடிகாரம் பார்ப்பவள். நேரம் அவளை ஏமாற்ற முடியாது. போன தடவை பார்த்தது நாலேகால். இடையில் அரை மணி போயிருக்கிறது. பன்னிரண்டு நிமிடம் மிச்சமிருக்கிற ஒருத்தி அரை மணி நேரம் யோசிக்க முடியாது. எப்போதோ நேரம் தீர்ந்து தோற்றிருப்பாள்.

தட்டைக் கீழே வைத்தாள். அப்பாவின் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, முன்னே போகும் அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டினாள்.

"தொடாதே" என்றார் கரெகின். கை அதற்குள் தட்டிவிட்டது.

திரையில் வெள்ளை யானை நகர்ந்தது. இன்னொரு தட்டு. கறுப்பு யானை ஓரமாய் ஒதுங்கியது. இன்னொரு தட்டு. வெள்ளைச் சிப்பாய் முன்னே போனது. இன்னும் ஒன்று.

இரண்டு ராஜாக்களும் பலகையின் நடுவில் வந்து நின்றன.

ஆட்டத்தில் ராஜா அப்படித் தாவாது. ஆட்டம் முடிந்த பிறகுதான் அப்படிக் கொண்டுவந்து வைப்பார்கள். இரண்டும் வெள்ளைக் கட்டத்தில் நின்றால் வெள்ளை ஜெயித்தது, கறுப்புக் கட்டத்தில் நின்றால் கறுப்பு ஜெயித்தது. பலகைக்கு அடியில் ஓடும் மின்கம்பி அதையும் படித்துத் திரைக்கு அனுப்பிவிடும். இந்த வீட்டில் பால் பல் விழுவதற்கு முன்னே இதைத் தெரிந்துகொள்வார்கள்.

ராஜாக்கள் வெள்ளைக் கட்டத்தில் நின்றன.

"அப்பா" என்றாள் சதெனிக். "இவ ஜெயிச்சிட்டா."

ஹாமோ துள்ளி எழுந்ததில் மரக்காய்கள் தரையில் சிதறின. "என்னது! எப்போ?"

"அரை மணி முன்னாடி. இவர் பின்னாடி நகர்த்தி வச்சிருக்கார். அரை மணி நேரமா முடிஞ்ச ஆட்டத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கோம்."

கரெகின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெத்த மக ஜெயிச்சதை மறைச்சியா?" அவள் குரல் உடைந்தது. அழுகை இல்லை, ஆத்திரம். "மூணு சுத்து வெளியில உட்கார்ந்திருந்தவப்பா. நேத்து ராத்திரி அவளுக்காக ஜெபம் பண்ணினியே. அவ ஜெயிச்சதுக்கு ஒரு சத்தம் வரல உன் வாயில. எதுக்கு? எனக்கு வார்த்தை கொடுக்கக் கூடாதுன்னா?"

"நெட்டு..."

"நெட்டு மேல போடாதே!"

சிரானுஷ் எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். "எழுந்திரு ரஸ்மிக். இது மரியாதை இல்ல. என் வாழ்க்கையில எத்தனையோ வீட்டுக் கதவு தட்டியிருக்கேன், இப்படிக் குதிரையையும் யானையையும் காட்டி ஒருத்தரும் உட்கார வச்சதில்ல."

ரஸ்மிக் எழவில்லை. முழங்காலில் கையை ஊன்றி, சதெனிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுந்திருடா!"

"இரும்மா."

கரெகின் நாற்காலியைத் திருப்பினார். வந்தவர்களை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகம் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்திருந்தது. மூச்சு கரகரத்தது.

"உட்காருங்க, சிரானுஷ். என் மேலதான் தப்பு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஹாமோ, நீங்க கேட்க வந்ததை முழுசாக் கேளுங்க."

ஹாமோ கோட்டைச் சரிசெய்துகொண்டார். காலடியில் ஒரு சிப்பாய் மிதிபட்டது. "உங்க வீட்டு அடுப்புல இருந்து ஒரு பிடி சாம்பல் கேட்டு..."

"எடுத்துக்கங்க" என்றார் கரெகின், அவர் முடிப்பதற்குள். "வார்த்தை தந்துட்டேன். என் மக சதெனிக் உங்க வீட்டுப் பொண்ணு. போய்ச் சூடா காபி கொண்டு வாடி, இதெல்லாம் ஆறிப்போச்சு."

இப்படியா கொடுப்பார்கள்? ஐந்து மாதம் இழுத்தவர் ஐந்து விநாடியில் முடித்துவிட்டார். சிரானுஷின் கை பையிலேயே நின்றது. பிறகு அவளும் மெல்ல உட்கார்ந்தாள். ஹாமோ கரெகினைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "ஜெயிச்சதுக்கு ஒண்ணு, கொடுத்ததுக்கு ஒண்ணு!"

நான்காவது காபியைக் குடித்தார்கள். ரஸ்மிக் இனிப்பு ரொட்டியில் மூன்று துண்டு தின்றான், ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சுவிடாமல். கரெகின் பிராந்தி போத்தலைத் திறந்தார். அவர் சத்தமாகச் சிரிப்பதைச் சதெனிக் சமையலறையிலிருந்து கேட்டாள். சந்தோஷம்தான். ஆனால் ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை.

போனை உயிர்ப்பித்தாள். தவறிய அழைப்பு ஆறு. எல்லாம் மனுஷாக். எண்ணி முடிப்பதற்குள் ஏழாவது வந்தது. பால்கனிக்குப் போய் எடுத்தாள்.

"அக்கா! எங்க போய்த் தொலைஞ்ச? பார்த்தியா? சிப்பாயைத் தள்ளினதும் அவ கையைக் கொடுத்துட்டா!"

"பார்த்தேன்டி. அரை மணி லேட்டா பார்த்தேன். பெரிய கதை, வந்ததும் சொல்றேன். எத்தனை மணிக்கு விமானம்?"

"விமானமா..."

"மனுஷ்?"

"அப்பா சொல்லலையா?"

"என்ன?"

"ஆட்டம் முடிஞ்சு போனைக் கையில வாங்கினதும் முதல்ல அவர்கிட்டதான் பேசினேன். ஜெர்மனியில ஒரு கிளப்புல கூப்பிட்டிருக்காங்க, அக்கா. ரெண்டு வருஷம். வீடு, பயிற்சி எல்லாம் அவங்களே. ஜெயிச்சா போறதுன்னு நினைச்சிருந்தேன். ஜெயிச்சிட்டேன். நாளைக்கு அணியோட விமானத்துல நான் ஏறல. இங்கயிருந்து நேரா அங்கதான் போறேன்."

சதெனிக் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே கப்பான் பதிவெண் போட்ட வண்டி நின்றிருந்தது.

"அப்பா என்ன சொன்னார்?"

"‘போ’ன்னார். ஒரே சொல்லு. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. இந்த மூச்சை வச்சுட்டு மூணு மாடி ஏறுற மனுஷன், அழுவார், திட்டுவார்னு நினைச்சேன். நீ கூட இருக்கிற தைரியம்தான். எனக்கும் அதே தைரியம்தான், அக்கா."

"சரி" என்றாள் சதெனிக். "அப்புறம் கூப்பிடுறேன்."

உள்ளே வந்தபோது சிரானுஷ் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவர் நாள்காட்டி முன்னால் நின்றிருந்தாள். "வா வா. அக்டோபர் நாலா, பதினொண்ணா? நாலுன்னா எங்க மண்டபம் காலியா இருக்கு."

"நாலு" என்றார் கரெகின். "ஒரு வாரம் எதுக்கு வீணா? நாலே இருக்கட்டும்."

இப்போது புரிந்தது. தன் போனை மட்டும் அணைக்காமல், பால்கனியில் அவர் வாங்கியது காற்று இல்லை, இந்த அழைப்பு. அந்த அரை மணி நேரம் அவர் சாக்கு தேடிக்கொண்டிருக்கவில்லை. ஒரு மகள் போகிறேன் என்றாள், இன்னொரு மகள் போகட்டுமா என்று பின்னால் காத்திருந்தாள். இரண்டு பேரும் போனால் வீட்டில் தான் தனி என்று தெரிந்தும், இரண்டாவதுக்கும் சரி சொல்லலாமா என்று முடிந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்திருக்கிறார். சொல்லவும் சொல்லிவிட்டார். இவளுக்குத் தெரிவதற்குள் தேதியையும் குறித்துவிடப் பார்க்கிறார்.

இந்த மனுஷனை என்ன செய்வது? கொடுக்காதபோதும் எரிச்சல், கொடுத்தபோதும் எரிச்சல்.

"அத்தை, தேதி இப்போ வேணாம்" என்றாள்.

சிரானுஷ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "ஏன், இன்னொரு ஒலிம்பியாட் வருதா?"

"அவ பேச்சைக் கேட்காதீங்க" என்றார் கரெகின் அவசரமாக. "வார்த்தை கொடுத்தது நான். நாலாம் தேதி. எழுதிக்கங்க."

"அப்பா, கொஞ்சம் சும்மா இரு."

ஹாமோவின் கையில் பிராந்திக் கோப்பை பாதி வழியில் நின்றது. ரஸ்மிக் ரொட்டித் துணுக்கை விரலால் தட்டிவிட்டு எழுந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"போன்ல என்ன சொன்னாங்க?"

அவன் முதுகுக்குப் பின்னால் கரெகின் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண் கெஞ்சியது. அப்பா யாரிடமும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

சதெனிக் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நாற்காலி ஒன்றை இழுத்து ரஸ்மிக்குக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"நீயும் உட்காரு. இந்த வீட்ல இன்னைக்கு மறைச்சது போதும். மனுஷ் திரும்பி வரல, நானும் போயிட்டா அப்பா தனி. முழுசாக் கேட்டுட்டு எல்லாரும் உங்க பதிலைச் சொல்லுங்க."